வீட்டுப் பட்டறையில் ஒரு வானியலார்

1781 மார்ச் 13-ஆம் நாள் யுரேனஸ் கோளைக் கண்ட வில்லியம் ஹெர்ஷல், இங்கிலாந்தின் பாத் நகரில் இசை கற்பித்து வாழ்ந்தவர். விரும்பிய தொலைநோக்கியை வாங்க இயலாமையால் வீட்டையே பட்டறையாக்கினார். செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கி வார்த்து, தேய்த்து மெருகிட்டவையே அவருடைய குழியாடிகள். ஒருமுறை 16 மணி நேரம் கையெடாது மெருகிட்டார். தங்கை கரோலின் உணவை வாயில் ஊட்டினார். வார்ப்பு அச்சுக்குக் குதிரைச் சாணத்தை இடித்துச் சலித்ததிலும் அவ்வம்மையாருக்குப் பங்குண்டு. கோளைப் போற்றும் நாம் அச்சாணத்தை மறப்பது எனக்கு உடன்பாடன்று.

அவ்வாண்டு ஆகஸ்டில் மூன்றடி அகல ஆடியொன்றை வார்க்க முனைந்தனர். முதல் வார்ப்பு குளிரும்போதே விரிந்தது. அடுத்த முறை உலை கசிந்து, உருகிய உலோகம் தரையில் ஓடிற்று. கற்பலகைகள் வெடித்துக் கூரைவரை தெறித்தன. அனைவரும் வெளியே ஓடினர். அவ்வீடு இன்று அருங்காட்சியகம். வெடித்த கற்கள் இன்னும் அங்கே கிடக்கின்றன.