தாய்மாருக்காகத் தொடங்கிய ரத்ததானம்

என் நாத்தனாருக்கு ரெண்டாவது பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்கவே இல்லை. மூணு பாட்டில் ரத்தம் ஏற்றித்தான் பிழைத்தாள். கொடுத்தவர்கள் யாரென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

இந்த வழக்கம் எப்படி வந்ததென்று தேடிப் படித்தேன். லண்டனில் ஜேம்ஸ் பிளண்டெல் என்று ஒரு பிரசவ டாக்டர். பிள்ளை பெற்றவர்கள் ரத்தம் போய்ச் சாவதைப் பார்க்கப் பொறுக்காமல், மனுஷ ரத்தத்தை மனுஷருக்கே ஏற்றலாம் என்று 1818-ல் முயன்றார். சிலர் பிழைத்தார்கள், சிலர் பிழைக்கவில்லை. ரத்தத்தில் பிரிவுகள் உண்டு, சேராத பிரிவை ஏற்றினால் ஆபத்து என்பது 1901-ல் கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. 1914-ல் சிட்ரேட் உப்பு கலந்து உறையாமல் வைக்கும் வழி வந்தது.

நம்ம நாட்டில் முன்பு ரத்தத்தைக் காசுக்கு விற்றார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 1998 ஜனவரியிலிருந்து அது தடை. ரத்தத்தை எந்தக் கம்பெனியிலும் செய்ய முடியாது. சேர்த்தும் ரொம்ப நாள் வைக்க முடியாது. சிவப்பணு 42 நாள் வரை, தட்டணு 5 நாள்தான் தாங்கும். அதனால் யாராவது கொடுத்துக்கொண்டே இருக்கணும்.

நானும் கொடுக்கப் போனேன். ஹீமோகுளோபின் 10 தான் இருக்கு, 12.5 வேணும் என்று திருப்பி அனுப்பிட்டாங்க. வெட்கமாகப் போச்சு. கீரையும் இரும்புச்சத்து மாத்திரையுமாக ஆறு மாசம் உடம்பைத் தேற்றி, மறுபடி போய்க் கொடுத்தேன்.

அக்கா தங்கச்சிகளே, குழுக் கூட்டத்தில் சேமிப்பு எழுதும்போது அவங்கவங்க ஹீமோகுளோபின் அளவையும் கேட்டு எழுதுவோம். கொடுக்கவும் உதவும், நம்ம பிரசவத்துக்கும் உதவும்.