மாவுக்கோழியும் கால்பந்து பிஸ்கட்டும்

மைசூரில் சங்கராந்தி வந்தால் வீட்டுக்கு வீடு சர்க்கரை அச்சு. உலகக் கோப்பைக் கால்பந்து வந்தால் இப்போது வீட்டுக்கு வீடு பந்து பிஸ்கட். முன்னது தலைமுறை தலைமுறையாக வருவது, பின்னது நேற்று முளைத்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பதே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

நம் சங்கக் குடும்பங்களிலே ஆட்டம் பார்க்கப் பத்துப் பேர் கூடுவதென்றால், பிள்ளைகள் முதல் நாளே பிஸ்கட் சுட்டு, அதன் மேல் சர்க்கரைப் பூச்சால் பந்தும் சட்டையும் கோல் கம்பமும் வரையத் தொடங்கிவிடுகிறார்கள். இதைப் பற்றிப் பெரியவர்களிடையே இரண்டு கருத்து உண்டு. “இது வெள்ளைக்காரன் கூத்து, நமக்கெதற்கு?” என்பார் சிலர். “திங்கிற பண்டம்தானே, எந்த உருவத்திலே இருந்தா என்ன?” என்பார் சிலர். சர்க்கரையும் மைதாவும் விற்று வாழ்க்கை நடத்தியவன், பிறப்பால் தமிழ்ச் சமணன் என்ற இரண்டு முறையிலும் எனக்கு இதில் சொல்ல வேண்டியது உண்டு. முதல் கருத்து வரலாற்றுக்கு ஒவ்வாது. இரண்டாவது கருத்து நம் காப்பியத்துக்கு ஒவ்வாது.

சர்க்கரை அச்சு

கன்னட நாட்டில் சங்கராந்தியன்று எள், வெல்லம், கொப்பரை, நிலக்கடலை, பொட்டுக்கடலை ஆகியவற்றைக் கலந்து தட்டில் வைத்து, கரும்புத் துண்டும் சர்க்கரை அச்சும் சேர்த்து அண்டை வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பர். எள்ளும் வெல்லமும் தின்று நல்லதையே பேசு என்பது அப்போது சொல்லும் வாசகம். வருஷம் முழுக்கப் பேசாதிருந்த வீட்டுக்கும் அன்று தட்டு போகும்.

அந்த அச்சைச் செய்யும் முறையைக் கவனித்தால் அதிலே ஒரு தொழில்நுட்பம் இருப்பது தெரியும். சர்க்கரைப் பாகு கொதிக்கும்போது சிறிது பால் விடுவார்கள். பால் திரிந்து அழுக்கைப் பற்றிக்கொண்டு நுரையாக மேலே வரும். அதை எடுத்து, பாகை வடிகட்டி, மறுபடி காய்ச்சிப் பதம் வந்ததும் கிளறிக்கொண்டே இருந்தால் பாகு வெளுக்கும். சர்க்கரை நுண்ணிய மணிகளாக மீண்டும் உறைவதே அந்த வெளுப்பு. உடனே, தண்ணீரில் ஊறவைத்துக் கட்டிய மர அச்சில் ஊற்றிவிட வேண்டும். சில நிமிஷத்தில் அச்சைப் பிரித்தால் வெள்ளை வெளேரென்று துளசி மாடம், கோபுரம், பூ, கிளி, யானை, பசு என்று உருவங்கள் வரும்.

இது கன்னடர்க்கு மட்டும் உரிய வழக்கமும் அன்று. வங்காளத்தில் மர அச்சில் சந்தேஷ் பிடிக்கிறார்கள். எகிப்து நாட்டில் நபிகள் பிறந்த நாளுக்குச் சர்க்கரைப் பொம்மை செய்கிறார்கள். ஜெர்மானியர் கிறிஸ்துமசுக்குச் செதுக்கிய மர அச்சில் மாவை அழுத்திச் சுடுகிறார்கள். நம்ம ஊர்த் திருவிழாவில் மூங்கில் கழியில் ஜவ்வு மிட்டாய் சுற்றி வருகிறவர், பிள்ளையின் கையிலே கடிகாரம் கட்டிவிடுவாரே, அதுவும் இதே கலைதான். கொண்டாடும் பொருளை இனிப்பில் உருவாக்கித் தின்பது உலகப் பொது வழக்கம் என்பது இதனால் பெறப்படும்.

சர்க்கரை என்ற சொல்லே சம்ஸ்கிருத ‘சர்க்கரா’ வழியாக நம்மிடம் இருந்து அரபு நாடு சென்று, ஐரோப்பாவில் ‘சுகர்’ ஆயிற்று. ‘கண்ட’ என்ற சொல் இங்கே கற்கண்டு ஆகவும் அங்கே ‘கேண்டி’ ஆகவும் நின்றது. மைசூர் சீமைக்கு மண்டியாவில் சர்க்கரை ஆலை வந்தது 1933இல். ஆக, ஐசிங் பூசும் சர்க்கரையை நமக்கு அயலானது என்று சொல்ல வழியில்லை.

பிஸ்கட் வந்த வழி

‘குக்கி’ என்பது டச்சு மொழிச் சொல், சிறிய கேக் என்று பொருள். டச்சுக் குடியேறிகளோடு அது அமெரிக்கா சென்றது. அமெரிக்காவிலே ‘கேம் டே’ என்றால் அவர்களுடைய கால்பந்து ஆட்ட நாள். 1967 முதல் நடக்கும் சூப்பர் பவுல் அதில் உச்சம். அன்றைக்கு வீட்டில் கூடுபவர்களுக்குப் பழுப்பு நிறத்தில் இருமுனை கூர்ந்த பந்து வடிவ பிஸ்கட் செய்து, நடுவிலே வெள்ளைத் தையல் வரைவார்கள். அங்கே வேலைக்குப் போன நம் பிள்ளைகள் வழியாக அப்பழக்கம் இங்கு வந்தபோது, கூர்முனைப் பந்து உருண்டைப் பந்தாயிற்று.

ஆனால் முட்டையில்லாமல் பிஸ்கட் சுடும் வழக்கத்தை அமெரிக்கா நமக்குக் கற்றுத்தரவில்லை. ஹாசன் பக்கத்து ஐயங்கார்கள் பெங்களூரில் 1898இல் தொடங்கிய பேக்கரியும், அதன் வழியில் கன்னட நாடெங்கும் பரவிய ஐயங்கார் பேக்கரிகளுமே கற்றுத்தந்தன. வைதிக வைணவர் கைவண்ணத்தால் சமண வீட்டுப் பிள்ளைக்கும் கடை பிஸ்கட் கிடைத்தது. இதை நன்றியோடு நினைக்க வேண்டும்.

பந்தின் உருவம்

பிள்ளைகள் வரைகிற கறுப்பு வெள்ளைப் பந்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1970இல் மெக்சிகோ உலகக் கோப்பைக்கு அடிடாஸ் நிறுவனம் செய்த ‘டெல்ஸ்டார்’ பந்து அது. ஐங்கோணம் 12 கறுப்பு, அறுகோணம் 20 வெள்ளை, ஆக 32 துண்டு. அக்காலக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் பந்து தெளிவாகத் தெரியட்டும் என்றே அந்த நிறம். மைதானத்தில் பந்து பல உருவம் மாறிவிட்டது, ஆயினும் பிஸ்கட்டில் மாறவில்லை.

வரைவதும் சுலபம். வட்ட பிஸ்கட்டின் நடுவிலே ஒரு ஐங்கோணம். அதன் ஐந்து முனையிலிருந்தும் ஐந்து கோடு. ஒவ்வொரு கோட்டின் முடிவிலும், விளிம்பை ஒட்டிப் பாதி ஐங்கோணம். இதற்குப் பூச்சு இரண்டு பதத்தில் வேண்டும். எல்லைக்கோடு போடக் கெட்டியாகவும், உள்ளே நிரப்ப இளக்கமாகவும் இருக்க வேண்டும். கரண்டியால் எடுத்து விட்ட கோடு பத்துப் பதினைந்து எண்ணுவதற்குள் மறைந்தால் அது நிரப்பும் பதம். வெள்ளையை நன்றாக உலரவிட்டுப் பிறகே கறுப்பைத் தொட வேண்டும், இல்லையேல் நிறம் கசியும். சுடுமுன் வெட்டிய மாவைக் குளிர வைத்தால் வட்டம் பரவாது.

மேல்நாட்டு ‘ராயல் ஐசிங்’ முட்டை வெள்ளைக்கருவால் ஆனது. ‘மெரிங்கு பவுடர்’ என்று டப்பாவில் வருவதும் காய்ந்த வெள்ளைக்கருவே. நமக்கு அது ஆகாது. பொடித்த சர்க்கரையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரும் சிறிது எலுமிச்சைச் சாறும் விட்டுக் குழைத்தால் போதும். அவ்வளவு விறைப்பாக இராது, உலர நேரம் பிடிக்கும், ஆனால் உறையும். கரைந்த சர்க்கரை ஈரம் போனதும் மீண்டும் மணியாகிறது. சங்கராந்தி அச்சில் நடப்பதும் இதுவே என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

மாவுக்கோழியின் கதை

இனி இரண்டாவது கருத்துக்கு வருவோம். எந்த உருவமானால் என்ன?

தமிழின் ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்று யசோதர காவியம். சமணர் இயற்றியது, ஆசிரியர் பெயர் தெரியவில்லை. இக்கதையை 959இல் சோமதேவர் சம்ஸ்கிருதத்தில் ‘யசஸ்திலக’மாகப் பாடினார். 1209இல் ஹொய்சள அவைப் புலவர் ஜன்னர் கன்னடத்தில் ‘யசோதர சரிதெ’ செய்தார். நம் காலத்தில் கிரீஷ் கார்னாட் இதையே ‘ஹிட்டின ஹுஞ்ச’, அதாவது மாவுச் சேவல், என்ற நாடகமாக்கினார். தமிழர்க்கும் கன்னடர்க்கும் பொதுவான கதை இது.

உஞ்சயினி அரசன் யசோதரன். மனைவி அமிர்தமதி யானைப்பாகன் ஒருவனிடம் மனம் வைத்ததைக் கண்டு கலங்குகிறான். அதைத் தீக்கனாவாக மாற்றித் தாய் சந்திரமதியிடம் சொல்ல, அவள் தேவிக்கு உயிர்ப்பலி கொடு என்கிறாள். அரசன் கொல்ல மாட்டேன் என்கிறான். “அப்படியானால் மாவினால் ஒரு கோழி செய்து வெட்டு” என்கிறாள் தாய். அவன் இசைகிறான், வெட்டுகிறான். அந்த மாவுக்கோழி கூவியது என்கிறது கதை. பிறகு தாயும் மகனும் அமிர்தமதி இட்ட நஞ்சால் மாண்டு, அவன் மயிலாகவும் அவள் நாயாகவும் பிறந்து, பிறவி தோறும் அடிபட்டு, கடைசியில் கோழிகளாய்ப் பிறந்து அம்பால் இறந்து, அபயருசி, அபயமதி என்னும் இரட்டைப் பிள்ளைகளாக வருகிறார்கள். அவர்கள் சொல்லக் கேட்ட மாரிதத்தன் என்ற அரசன் பலியை நிறுத்துகிறான்.

அரசன் வெட்டியது வெறும் மாவு. ரத்தம் இல்லை, உயிர் இல்லை. இருந்தும் வினை ஒட்டியது ஏன்? வெட்டும்போது அவன் மனத்தில் இருந்தது கோழி. இதைச் சங்கல்ப ஹிம்சை என்பர். கை செய்யாவிட்டாலும் எண்ணம் கொன்றுவிட்டது.

இதனாலேயே எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் மிருக உருவப் பண்டம் எதையும் வாயில் வைக்க மாட்டார்கள். சங்கராந்தித் தட்டிலே கிளியும் யானையும் வந்தால், கொண்டுவந்த அம்மாவின் மனம் நோகாதபடி இரு கையாலும் வாங்கிக்கொள்வோம். துளசி மாடத்தையும் பூவையும் எடுத்துக்கொண்டு, கிளியை வேறு வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவோம். அவர்கள் அன்போடு தின்கிறார்கள், அதில் குற்றம் காண நாம் யார்?

முகமும் கடியும்

இக்கதை இன்று எங்கே தைக்கிறது என்றால், பிஸ்கட் தட்டில்தான். கூர்முனைப் பந்துக்கு அமெரிக்காவில் ‘பன்றித்தோல்’ என்று பட்டப்பெயர். உண்மையில் அது மாட்டுத்தோல். உலகக் கோப்பைப் பந்தும் 1982 வரை தோல்தான். 1986 முதல் முழுக்கச் செயற்கைப் பொருள். ஆகவே உருண்டைப் பந்தை வரையும் பிள்ளைக்கு அந்த உறுத்தலும் இல்லை. பந்து உயிரற்றது, கம்பம் உயிரற்றது, சட்டை உயிரற்றது. சமணக் கணக்கில் இதைவிடத் தூய உருவம் வேறு என்ன வேண்டும்? கிளி அச்சைவிட இது மேல் என்றே சொல்வேன்.

ஆனால் சில வீடுகளில் இப்போது எதிரணி வீரரின் முகத்தை வரைகிறார்கள். அவர் கோல் போட்டுவிட்டால், “தலையைக் கடி!” என்று கத்திக்கொண்டே கடிக்கிறார்கள். எல்லாரும் சிரிக்கிறார்கள். விளையாட்டுதான், நானும் அறிவேன். யசோதரனின் தாயும் “மாவுதானே” என்றுதான் சொன்னாள். நம் நகரத்தில் தமிழனும் கன்னடனும் ஒருவன் கொடியை ஒருவன், ஒருவன் உருவத்தை ஒருவன் கொளுத்திய நாட்களைக் கண்டவர் நம்மிடையே இருக்கிறார்கள். வைக்கோல் பொம்மைக்கு வலிக்காது. வலித்தது அடுத்த வீட்டுக்காரனுக்கு. உருவத்தின் மேல் பழகும் கோபம் உருவத்தோடு நிற்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பொழுதும் பச்சைப் புள்ளியும்

நடைமுறைச் செய்தி இரண்டு. 2022 டிசம்பர் 18 அன்று கத்தாரில் நடந்த இறுதி ஆட்டம் இங்கே இரவு எட்டரைக்குத் தொடங்கியது. 3-3 என்று சமமாகி, பெனால்டியில் 4-2 என்று அர்ஜென்டினா வென்றபோது நள்ளிரவை நெருங்கிற்று. பொழுது சாய்ந்தபின் உண்ணாதவர் வீட்டில் பிஸ்கட்டை ஐந்து மணிக்கே பரிமாறிவிட வேண்டும். பண்டம் முதலில், பந்து பிறகு.

அடுத்து, பச்சைப் புள்ளி இருந்தால் முட்டை இல்லை என்று நம்பலாம். ஆனால் 2020ஆம் ஆண்டு விதிப்படி தேனும் அரக்கும் அசைவத்தில் சேரா. பளபளப்பு மிட்டாய் மணிகளில் அரக்குப் பூச்சு இருக்கக்கூடும். நோன்பு உடையவர் புள்ளியோடு நில்லாமல் பின்பக்கத்துச் சிற்றெழுத்தையும் படிக்க வேண்டும்.

முடிவுரை

மைசூர் மாநில அணி சந்தோஷ் கோப்பையை 1946-47, 1952-53, 1967-68, 1968-69 ஆகிய நான்கு முறை வென்றது. பிறகு 54 ஆண்டு கழித்து, 2023 மார்ச் 4 அன்று ரியாத் நகரில் மேகாலயாவை 3-2 என்று வென்று கர்நாடக அணி மீண்டும் கோப்பையைத் தொட்டது. அதற்காக யாரும் நம் தெருவில் பிஸ்கட் சுட்டதாக நான் கேள்விப்படவில்லை. அர்ஜென்டினா சட்டையை வரையும் கை, இருக்கிற ஊரின் சட்டையையும் ஒரு முறை வரையட்டும்.

சங்கத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவே. பந்து வரையுங்கள், கம்பம் வரையுங்கள், இரண்டு அணிச் சட்டையும் வரையுங்கள். முகம் வேண்டாம். முதல் பிஸ்கட்டை எதிரணிக்குக் கைதட்டும் பிள்ளையிடம் நீட்டுங்கள். எள்ளும் வெல்லமும் கொடுத்து நல்லதைப் பேசச் சொன்ன ஊரில் வாழ்கிறோம். அதே வாசகம் மைதா மாவுக்கும் பொருந்தும்.