சுகாதாரப் பொறியியல், பழவேற்காட்டு மீனவக் கிராமங்களில்

திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டத்தில் பழவேற்காடு ஏரியை ஒட்டிய குப்பங்களுக்குக் குடிநீர் வழங்கல், கழிவகற்றல் ஆகியவற்றைத் திட்டமிடும் அரசுத் தொழில்நுட்பப் பணி.

அமைப்பு: இத்துறையின் முதன்மை நிறுவனமான தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் 1971இல் தொடங்கப்பட்டது. உதவிப் பொறியாளர், நிர்வாகப் பொறியாளர், மேற்பார்வைப் பொறியாளர், தலைமைப் பொறியாளர் என்பன இதன் முக்கியப் பணிநிலைகள். மூத்த பொறியாளர்கள் நீராதாரத் தேர்வு, மதிப்பீட்டுக்குத் தொழில்நுட்ப ஒப்புதல், கட்டுமானக் கண்காணிப்பு ஆகியவற்றைக் கவனிக்கின்றனர். பல கிராமங்களுக்கான கூட்டுக் குடிநீர்த் திட்டங்களை வாரியமும், ஊருக்குள் விநியோகத்தை ஊராட்சியும் பராமரிக்கின்றன.

நீர்த்தரம்: ஏரி உவர்நீர்க் காயல். மீஞ்சூர் வட்டாரத்தில் மிகுதியாக நீர் இறைத்ததால் நிலத்தடியில் கடல்நீர் ஊடுருவியது. இதனால் உள்ளூர்க் கிணறுகளை மட்டும் நம்ப இயலாது. இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் நலம். மாற்று ஆதாரம் இல்லாவிடில் 2,000 வரை ஏற்கப்படும். குழாய்நீரில் ஆர்த்தோடொலுடின் என்னும் வேதிக்கரைசலைச் சில சொட்டுகள் விட்டு, தோன்றும் மஞ்சள் நிறத்தை நிற அட்டையோடு ஒப்பிட்டு, கிருமிநீக்கத்துக்குச் சேர்த்த குளோரினில் எஞ்சிய அளவு அறியப்படுகிறது. இது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும்.

கழிவகற்றல்: மணற்பாங்கான கரையில் நீர்மட்டம் உயரும்போது கழிப்பறை உறிஞ்சுகுழிக் கழிவு கிணற்றுநீரை எட்டக்கூடும். அடிப்பகுதியை மூடி, குழியைச் சுற்றி அரை மீட்டர் நுண்மணல் நிரப்புவது இதற்கான தடுப்புமுறை.

முக்கியத்துவம்: 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஊரக வீடுகளுக்கு நபருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் குழாய்நீரை இலக்காகக் கொண்டது. வயிற்றுப்போக்கு, காலரா போன்ற நீர்வழி நோய்த் தடுப்புக்கு இப்பணி அடிப்படையாகும்.