நிகமம் முதல் தறிக்கூடம் வரை: சிறுதொழிலைச் சீர்செய்த வரலாறு

மதுரைக்கு வடக்கே அழகர்மலையில், சமண முனிவர் தங்கிய குகைத்தளம் ஒன்று உண்டு. அங்குள்ள தமிழிக் கல்வெட்டுகள் கொடையாளர் பலரை அவர்தம் தொழிலோடு சேர்த்தே குறிக்கின்றன. உப்பு வணிகர், கொழு வணிகர், பணித வணிகர், அறுவை வணிகர் என அப்பட்டியல் நீள்கிறது. கொழு என்பது ஏர்முனை இரும்பு. பணிதம் என்பது கரும்பின் பாகு. அறுவை என்பது துணி. வெவ்வேறு சரக்கை விற்றவர்கள் ஒரே அறப்பணியில் கைகோத்திருக்கிறார்கள். அழகர்மலைக்கு அணித்தே உள்ள மாங்குளத்துக் குன்றிலோ, ‘வெள்ளறை நிகமத்தார்’ கொடையளித்த செய்தி காணப்படுகிறது. நிகமம் என்பது வணிகர் குழு. கி.மு. 2ஆம் நூற்றாண்டளவிலேயே தமிழகத்து வணிகர் தமக்கென ஓர் அமைப்பைக் கண்டிருந்தனர் என்பதற்கு இது சான்றாகும்.

இன்று ‘தொழில் ஆலோசகர்’ என்னும் சொல் புதுமையாக ஒலிக்கிறது. சிறு பட்டறையோ சிறு கடையோ நடத்துவோரிடம் ஒருவர் வந்து, சரக்கை எங்கே வைப்பது, எந்த வேலையை முதலில் செய்வது, கணக்கை எவ்வாறு எழுதுவது என்று முறைப்படுத்தித் தருவதே அவர் பணி. பெரிய ஆலை இத்தகையோரைச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொள்ளும். பத்துத் தறி வைத்திருப்பவர் என்ன செய்வார்? இவ்வினாவுக்கு நம் நாடு கண்ட விடையையும், இராசபாளையம், திருவில்லிபுத்தூர் ஆகிய அண்டை ஊர்களின் தொழில்களில் அது பொருந்தும் பாங்கினையும் இக்கட்டுரையில் காண்போம்.

அளவையும் அறமும்

தொழில் ஒழுங்கு நமக்கு மேனாட்டிலிருந்து வந்த சரக்கு மட்டுமன்று. இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களுள் கள்ளாமையும் ஒன்று. அதற்கு நேரும் ஐந்து குற்றங்களைத் தத்துவார்த்த சூத்திரம் எண்ணிக் கூறுகிறது. அவற்றுள் இரண்டு நேரே கடைவீதியைச் சார்ந்தவை: நிறையிலும் அளவிலும் கூட்டிக் குறைத்தல், நல்ல பொருளோடு போலியைக் கலத்தல். கொல்லாமைக்குச் சொல்லப்பட்ட குற்றங்களுள்ளும் ஒன்று தொழிலைத் தொடுகிறது. அது, தாங்கவியலாப் பாரத்தை உயிர்கள்மேல் ஏற்றுதல். அளவு, கலப்பின்மை, பாரம் என்னும் இம்மூன்றையும் நினைவில் இருத்திக்கொண்டால் பின்வரும் வரலாறு தெளிவாக விளங்கும்.

ஆலைக்கு வந்த அளவுகோல்

வேலையை அளந்து பார்க்கும் முறையை ஒரு துறையாக வகுத்தவர் அமெரிக்கப் பொறியாளர் பிரெடரிக் டெய்லர். 1911இல் வெளிவந்த அவரது நூல் உலகெங்கும் ஆலை நிருவாகத்தை மாற்றியது. இராசபாளையத்தில் பி.ஏ.சி. இராமசாமி ராஜா 1936இல் இராஜபாளையம் மில்லை நிறுவினார். பருத்தி விளையும் கரிசல் சீமையில் ஆலைச் சங்கு ஒலித்தது. ஆலையோடு நேரமும் கணக்கும் ஊருக்குள் புகுந்தன.

விடுதலைக்குப் பின் இம்முயற்சி நாடளாவியதாயிற்று. 1952 முதல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் உற்பத்தித்திறன் குழு இந்தியாவில் பணியாற்றியது. தென்னாட்டு நூற்பாலைகள் கூடிக் கோயம்புத்தூரில் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்தை அமைத்தன. ‘சிட்ரா’ என வழங்கும் அச்சங்கம், ஆலைகளின் உற்பத்தியையும் செலவையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எவ்விடத்தில் எது குறைகிறது என்று எடுத்துக்காட்டியது. போட்டியாளர்களே கூடி ஓர் ஆலோசகரை அமர்த்திக்கொண்ட நிகழ்ச்சி இது எனலாம். 1958இல் தேசிய உற்பத்தித்திறன் குழுவும் தோன்றியது.

சிறுதொழிலின் பக்கம் திரும்பிய பார்வை

ஆயினும் இவை பெரும்பாலும் ஆலைகளுக்கே பயன்பட்டன. 1953இல் போர்டு அறக்கட்டளை வழியாக வந்த வல்லுநர் குழு, இந்தியச் சிறுதொழில்களை ஆராய்ந்து, அவற்றுக்குத் தொழில்நுட்ப உதவியும் நிருவாக உதவியும் வேண்டும் என அறிவுறுத்தியது. அதன் பயனாக 1954இல் சிறுதொழில்களுக்கென நடுவணரசின் தனி அமைப்பு உருவாயிற்று. அதன்கீழ்ச் சென்னை உள்ளிட்ட நகரங்களில் சேவை நிலையங்கள் எழுந்தன. பட்டறைக்காரர் அங்கே சென்று வரைபடமும் அறிவுரையும் பெறலாம். அலுவலரும் பட்டறைக்கு வருவர். 1958இல் கிண்டித் தொழிற்பேட்டை திறக்கப்பட்டது. சிறுதொழில் பயிற்சிக்கென ஏற்பட்ட ‘சயட்’ நிறுவனம் 1962 முதல் ஐதராபாத்திலிருந்து இயங்கியது.

அந்நிறுவனத்தில் 1964இல் நடந்த ஒரு முயற்சி குறிப்பிடத்தக்கது. அமெரிக்க உளவியலறிஞர் டேவிட் மெக்கிளலண்டும் அவர்தம் குழுவினரும் காக்கிநாடாவின் சிறுவணிகர்களுக்கு அங்கே பயிற்சி அளித்தனர். எட்டக்கூடிய இலக்கைத் தாமே வகுத்து, அதை நோக்கித் தம் செயலைத் தாமே அளந்து பார்ப்பதே பயிற்சியின் சாரம். பின்னர் ஆராய்ந்தபோது, பயிற்சி பெற்றோர் மற்றவரினும் முனைந்து தொழிலை விரித்திருந்தமை தெரிந்தது. பழக்கத்தை மாற்றக் கற்பிக்கலாம் என்பதே அம்முயற்சி உணர்த்திய பாடம். தமிழ்நாட்டில் 1979இல் தொடங்கப்பெற்ற ‘இட்காட்’ நிறுவனம் தொழில் முனைவோர்க்கு ஆலோசனை வழங்குவதையே தன் பணியாகக் கொண்டது.

மருத்துவத் துணி நெய்யும் தறிகள்

இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பகுதித் தறிகள் புண்ணுக்குக் கட்டும் பேண்டேஜ் துணிக்குப் பெயர்பெற்றவை. காண்பதற்கு எளிய துணி. ஆனால் மருந்து, அழகுசாதனப் பொருள்கள் பற்றிய சட்டத்தின்கீழ் அதற்கு அளவு உண்டு. குறிப்பிட்ட நீளத்தில் பாவு இழை எத்தனை, ஊடை இழை எத்தனை, எடை எவ்வளவு என்பவை விதிக்கப்பட்டுள்ளன. இழையைக் குறைத்து நெய்தால் விலை மலிவாகும். குறையோ நோயாளியின் உடலில் போய்ச் சேரும். அளவில் குறைத்தல் என்னும் பழைய குற்றத்தின் இக்கால வடிவம் இதுவே.

இத்தகைய கூடத்தில் ஆலோசகர் முதலில் செய்வது என்ன? ஒரு நோட்டும் பேனாவும் கொண்டு தறி நிற்பதை எண்ணுவார். ஒரு கூடத்தில் 20 தறிகள் எனக் கொள்வோம். 8 மணி நேர ஷிப்டில் ஒவ்வொரு தறியும் 10 தடவை, தடவைக்கு 3 நிமிடம் நிற்கிறது. மொத்த இழப்பு 600 நிமிடம், அதாவது 10 மணி நேரம். ஒரு தறி ஷிப்டு முழுதும் ஓடாது நின்றால் வரும் இழப்பினும் இது மிகுதி. காரணத்தை எழுதினால் நூலின் தரம், தார் சுற்றி வைக்காமை, கருவியைத் தேடும் நேரம் எனப் பிரிந்து தெரியும். பாதியைத் தவிர்த்தாலும் 5 மணி நேரம் மீளும். புதுத் தறி வாங்கவேண்டியதில்லை. வேண்டாததை விலக்கு, வேண்டியதை உரிய இடத்தில் வை, தூய்மை செய், அதை முறையாக்கு, விடாது பேணு என்று ஜப்பானியர் ஐந்தாக வகுத்த நெறியும் இதையே சொல்கிறது.

பால்கோவாவின் பெயரைக் காத்தல்

இராசபாளையத்திலிருந்து சற்றேறக்குறைய பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருவில்லிபுத்தூரில் சிக்கல் வேறு வகையானது. பால்கோவாவுக்கு வேண்டுவன பாலும் சர்க்கரையும் அடுப்பும் கைப்பக்குவமும். பால் காத்திராது, செய்த பண்டமும் நெடுநாள் தாங்காது. ஆடிப்பூரத் தேரோட்டத்தின்போது கூட்டம் பெருகும், மறுவாரம் குறையும். மிகச் செய்தால் வீண்; குறையச் செய்தால் வந்தவர் வெறுங்கையோடு திரும்புவர். எத்தனை லிட்டர் பால், எவ்வளவு சர்க்கரை, கிடைத்த கோவாவின் எடை, செய்த நாள், விற்ற அளவு ஆகியவற்றை ஒவ்வோர் ஈட்டுக்கும் எழுதி வைத்தால், அடுத்த ஆண்டுத் திருவிழாவுக்கு அக்குறிப்பே ஆலோசகராகும்.

2019இல் திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேற்றூரில் செய்த பண்டத்துக்கு இப்பெயரைச் சூட்டுவதைத் தடுக்க இது சட்டத்தின் துணை. எனினும் பெயரைக் காப்பது சட்டம் மட்டுமன்று. செய்பவர் பலர், பெயர் ஒன்று. ஒருவர் கலப்படம் செய்தால் அனைவரின் பெயரும் கெடும். எனவே இங்கே ஒழுங்கு என்பது தனியொருவரின் ஆதாயக் கணக்கன்று. ஊராரின் பொதுச் சொத்து.

பகிர்ந்துகொள்ளும் ஆலோசகர்

2009இல் நடுவணரசு தொடங்கிய சிறுதொழில் விரயக்குறைப்புத் திட்டம் இவ்வுண்மையை உணர்ந்தது. ஏறத்தாழப் பத்துச் சிறு நிறுவனங்கள் ஒரு குழுவாகச் சேரும். ஓர் ஆலோசகர் அனைவருக்கும் பொதுவாக வருவார். செலவில் 80 விழுக்காட்டை அரசு ஏற்றது. 2023இல் திருத்தி அமைத்தபோது அது 90 விழுக்காடாயிற்று. நிகமத்தார் கூடியதும், ஆலைகள் சங்கம் அமைத்ததும், இப்பத்துப்பேர் கூடுவதும் ஒரே வழி. தனித்து முடியாததைக் கூடிப் பெறுதலே அவ்வழி.

ஆனால் ஓர் எச்சரிக்கை வேண்டும். நிமிடத்தை எண்ணும் கலை, தொழிலாளியின் மூச்சையும் எண்ணத் தொடங்கிவிடக்கூடும். டெய்லரின் முறைக்கு அமெரிக்கத் தொழிலாளர் காட்டிய எதிர்ப்பு இதனால் எழுந்ததே. நான்கு தறி பார்த்தவரை எட்டுத் தறி பார்க்கச் செய்து அதையே சீர்திருத்தம் என்றால், அது பாரம் ஏற்றுதலேயன்றி வேறில்லை. மீட்ட ஐந்து மணி நேரத்தின் பயனில் தறி ஓட்டுபவருக்கும் பங்கு உண்டா என்று கேட்பதே இவ்வொழுங்கின் உரைகல்.

நம் குடும்பத்து இளைஞர் பலர் இன்று கணக்கியலும் பொறியியலும் கற்று நகரங்களில் பணிபுரிகின்றனர். விடுமுறையில் ஊர் வருங்கால், உறவினர் கடையிலோ அண்டை வீட்டார் பட்டறையிலோ ஒருநாள் அமர்ந்து, நிறுத்தங்களையும் சரக்கிருப்பையும் எழுதித் தரலாம். குகைத்தளத்துக் கல்லில் நிலைபெற்ற அவ்வணிகர்கள் அறத்துக்குப் பொருளை ஈந்தனர். கற்ற அறிவை ஈதலும் கொடையே.