மடங்காத விரல்கள்

தாத்தாவின் இடது கையில் நடுவிரலும் மோதிரவிரலும் மடங்காது. 1962இல் பாராங் கத்தியைத் தீட்டும்போது அறுத்துக்கொண்டார். தோட்ட ஆஸ்பத்திரி டிரஸர் தைத்தார். காயம் ஆறியது, விரல்கள் நீட்டியபடியே நின்றுவிட்டன. மரம் சீவிக்கொண்டிருந்தவர் கூலி குறைந்த புல்வெட்டுக்குப் போனார். "தோல மட்டும் தைச்சான், உள்ள நரம்ப அப்படியே வுட்டுட்டான்" என்று சாகும்வரை அந்த டிரஸரைத் திட்டினார். நானும் நம்பினேன்.

தாத்தா நரம்பு என்றது தசைநாணை, அதாவது தசையை எலும்போடு பிணைக்கும் வெள்ளைக் கயிற்றை. நம் பேச்சில் எல்லாமே நரம்புதான். பண்டைய கிரேக்கர்களும் இரண்டுக்கும் ஒரே சொல்லைத்தான் வைத்திருந்தார்கள். நாணைத் தைத்தால் வலிப்பு வரும் என்று கேலன் அஞ்சினார். ஐரோப்பாவில் அந்தப் பயம் நீங்கப் பல நூற்றாண்டுகள் ஆயின. பாரசீகத்தின் இப்னு சீனா மட்டும் தைக்கலாம் என்று எழுதிவைத்தார்.

விரலின் கதை இன்னும் சிக்கலானது. அங்கே இரண்டு நாண்கள் ஒரே குறுகிய உறைக்குள் வழுக்கி ஓடுகின்றன. வெட்டுப்பட்டதைத் தைத்தால், ஆறும்போது உறையோடு ஒட்டிக்கொள்ளும். விரல் மறுபடி மரக்கட்டைதான். சான் பிரான்சிஸ்கோவின் ஸ்டெர்லிங் பன்னல், கை அறுவைக்கே தனி நூல் எழுதியவர் (1944), உள்ளங்கையின் மேல்மடிப்பிலிருந்து விரலின் நடுக்கணு வரையான இந்தப் பகுதிக்குப் போர்க்களத்துச் சொல்லையே பெயராக வைத்தார்: 'நோ மேன்ஸ் லேண்ட்'. அங்கே கைவைக்காதே, தோலை மட்டும் மூடு. காயம் ஆறியபின் வேறிடத்து நாணை எடுத்து ஒட்டு. இதுதான் அன்றைய விதி.

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அந்த டிரஸர் செய்ததைத்தான் பன்னலின் மாணவர்களும் முதல் நாளில் செய்திருப்பார்கள். நடக்காமல் போனது இரண்டாவது அறுவை.

1967இல் அமெரிக்காவின் லூயிவில் நகரத்து ஹரால்ட் கிளைனர்ட், அந்தப் பகுதியிலேயே உடனடியாகத் தைத்து நல்ல பலன் கண்டதாகச் சக மருத்துவர்களிடம் சொன்னார். பலர் நம்பவில்லை. அவர் முறையில் தையலுக்குச் சமமாக முக்கியம் ஒரு ரப்பர் பேண்ட். ஒரு முனை நகத்தில், மறுமுனை மணிக்கட்டுப் பக்கம். நோயாளி விரலை நீட்டுவார், ரப்பர் இழுத்து மடக்கும். அசைந்துகொண்டே இருக்கும் நாண் ஒட்டிக்கொள்வது குறையும். ரப்பர்! தாத்தா அதைத்தானே சீவிக்கொண்டிருந்தார்.

இன்று தையல் இழைகள் கூடியிருக்கின்றன, சில நாள்களிலேயே விரலை அசைக்கச் சொல்கிறார்கள். ஆனாலும் கனமான வேலைக்கு ஏறக்குறைய 12 வாரம் பொறுக்க வேண்டும்.

போன தீபாவளிக்குப் பாட்டியிடம் இதையெல்லாம் சொன்னேன். வெற்றிலையை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர் சொன்னார்: "பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அந்த டிரஸர் துண்டு எழுதித்தான் குடுத்தாரு. மாசக்கணக்கா கையக் கட்டிக்கிட்டு ஒக்காந்தா அஞ்சு புள்ளைங்களுக்கு யாருப்பா சோறு போடுறது? நாந்தான் போவேணாம்னேன்."