இன்னும் இரண்டு மோட்டார் போட்டால் விளக்கே நகருமே!

கச்சேரி மேடையில் தலையைத் திருப்பித் திருப்பி, நிறம் மாற்றி மாற்றி வெளிச்சம் அடிக்கும் விளக்குகளைப் பார்த்திருப்பீர்கள். ஆடம்பரத்துக்காகக் கண்டுபிடித்தது என்றுதான் தோன்றும். உண்மையில் அது ஊர் ஊராக மூட்டை கட்டித் திரிந்தவர்களின் தொல்லையில் பிறந்த சங்கதி.

1970களில் ராக் இசைக் குழுக்களின் மேடையில் பெரும்பாலும் இருந்தது 'பார் 64'. ஒரு அலுமினிய டப்பா, உள்ளே 1000 வாட் பல்பு, வாயில் ஒரு கலர் தாள். ஒரு டப்பாவுக்கு ஒரு நிறம், ஒரு திசை. அவ்வளவுதான். பாடகர் மேல் சிவப்பும் வேண்டும், நீலமும் வேண்டும் என்றால் இரண்டு டப்பா. டிரம்ஸ்காரருக்கு இன்னும் இரண்டு. இப்படியே நூற்றுக்கணக்கில் போகும். அத்தனையையும் லாரியில் ஏற்றி, இறக்கி, கட்டி, பிறகு ஒருவர் மேலே ஏறி ஒவ்வொன்றையும் கையால் திருப்ப வேண்டும். கீழே நின்று டிசைனர் கத்திக்கொண்டிருப்பார். மறுநாள் வேறு ஊர், மறுபடி முதலிலிருந்து.

நாடு மாறினால் மின்சாரமும் மாறும். அமெரிக்காவில் 120 வோல்ட், ஐரோப்பாவில் 220, 240. விமானம் தரையிறங்கும்போது போடும் 28 வோல்ட் விளக்குகளையும் மேடையில் பயன்படுத்தினார்கள். நம்ம ஊர் சீரியல் செட் மாதிரிதான். அமெரிக்காவில் நான்கை வரிசையாக இணைத்தால் சரியாக இருக்கும். ஐரோப்பாவில் எட்டு வேண்டும். அழகை யோசிப்பதற்கு முன் டிசைனர் இந்தக் கணக்கைப் போட்டாக வேண்டும்.

அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 'ஷோகோ' என்று ஒரு நிறுவனம். இசைப் பயணங்களுக்கு ஒலி, ஒளி ஏற்பாடு செய்பவர்கள். அவர்களுடைய ஆசை சின்னது: ஒரே விளக்கு பல நிறம் காட்ட வேண்டும். சாதாரணக் கலர் தாள் வேண்டாத நிறத்தை உறிஞ்சிச் சூடாகி வெளுத்துவிடும். ஜிம் பார்ன்ஹார்ஸ்ட்டும் கூட இருந்த பொறியாளர்களும் 'டைக்ரோயிக்' கண்ணாடியை எடுத்துக்கொண்டார்கள். அது வேண்டாத நிறத்தைத் திருப்பி அனுப்பிவிடும், அதனால் வெளுக்காது. அந்தக் கண்ணாடிகளை மாற்ற மோட்டார். 1980இல் ஒரு மதியச் சாப்பாட்டில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, பங்குதாரர்களில் ஒருவரான ஜாக் மாக்ஸன், "இன்னும் இரண்டு மோட்டார் போட்டால் விளக்கே நகருமே" என்ற பொருளில் சொன்னாராம். எல்லாம் அதிலிருந்துதான்!

மாதிரி விளக்கை அவசர அவசரமாகச் செய்து, 1980 டிசம்பரில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். ஒரு பழைய களஞ்சியத்தில் 'ஜெனசிஸ்' குழுவுக்குக் காட்டினார்கள். நிறம் மாறும் என்று மட்டும் எதிர்பார்த்தவர்கள், விளக்கு நகர்ந்ததைப் பார்த்து அசந்துவிட்டார்கள். பணம் போடவும் சம்மதித்தார்கள். யோசித்துப் பாருங்கள், கையில் இருப்பது ஒரு மாதிரி மட்டுமே. ஒரு வருடத்துக்குள் ஐம்பது சொச்சம் விளக்கும், அவற்றை ஆட்டிவைக்கும் கம்ப்யூட்டரும் தயாராக வேண்டும். பயணத்தின் நடுவில் நின்றுபோனால் காசும் போச்சு, பேரும் போச்சு.

நிற்கவில்லை. 1981 செப்டம்பர் 25 அன்று, ஸ்பெயினில் பார்சிலோனாவின் காளைச் சண்டை அரங்கத்தில் முதல் நிகழ்ச்சி. விளக்கின் பெயர் 'வாரிலைட்'. ஒவ்வொன்றிலும் 350 வாட் பல்பு. ஐம்பது என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 17,500 வாட். பழைய டப்பா 18 எரிய வைப்பதற்குக்கூட அது காணாது!

அடுத்த பெரிய மாற்றம் 1986இல். 'டிஎம்எக்ஸ் 512' என்ற பொது விதிமுறை வந்தது. வேறு வேறு கம்பெனி விளக்குகளும் பலகைகளும் ஒரே பாஷை பேச ஆரம்பித்தன. இன்று சிங்கப்பூரிலோ டொரண்டோவிலோ பாடப் போகும் ஒரு நம்ம ஊர்க் குழு விளக்குகளைக் கப்பலில் ஏற்ற வேண்டியதில்லை. அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொண்டு, டிசைனர் ஒரு ஃபைலோடு போய் இறங்கலாம்.

வேலை குறைந்துவிட்டதா என்றால் அதுதான் இல்லை. அந்த ஊரில் கிடைக்கும் விளக்கு வேறு மாடலாக இருக்கும், மேடை நாலு அடி குறுகலாக இருக்கும். பாடகர் நிற்கும் இடத்தை ஒவ்வொரு விளக்குக்கும் மறுபடி சொல்லிக்கொடுக்க வேண்டும். அதையும் இருட்டில்தான் செய்ய முடியும். அதனால் நிகழ்ச்சிக்கு முந்தைய இரவு பாட்டுக்காரர்கள் ஹோட்டலில் தூங்கும்போது, விளக்குக்காரர் காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருப்பார்.