உறுதிமொழியின் சொற்கள்

சட்டமன்ற உறுப்பினரும் அமைச்சரும் நீதிபதியும் பதவியேற்கும்போது கூறும் உறுதிமொழியை வெறுஞ் சடங்கு எனக் கருதுவோர் நம்மிடையே பலர் உளர். அச்சொற்கள் கூறுபவரின் விருப்பத்திற்கு விடப்பட்டவை அல்ல. அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் சொல் பிசகாமல் வரையறுக்கப்பட்டவை. அவற்றோடு ஒரு தொடர் சேர்ந்ததனால் தமிழக அரசியலின் போக்கே மாறியதை நம் பெற்றோர் தம் காலத்தில் கண்டனர்.

1962 பொதுத்தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் சட்டமன்றத்தில் 50 இடங்களை வென்றது. தனித் திராவிட நாடு அன்று அதன் கோரிக்கை. அவ்வாண்டு அக்டோபரில் சீனப் போர் மூண்டது. அடுத்த ஆண்டு அக்டோபர் 5 அன்று பதினாறாவது அரசமைப்புத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் நிலைநிறுத்துவேன் என்ற தொடர் உறுதிமொழியில் புகுந்தது. அதுமட்டுமன்று, தேர்தலில் நிற்பவரே உறுதி கூறவேண்டும் என்ற விதியும் அப்போதுதான் பிறந்தது. கழகம் 1963 இறுதிக்குள் பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது. போர்ச்சூழலும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், கூற மறுப்பவர் தேர்தலிலேயே நிற்க இயலாது என்னும் நிலையை உண்டாக்கியது அந்த ஒரு தொடரே. 1967 மார்ச்சில் அறிஞர் அண்ணா முதலமைச்சரானபோது அத்தொடரையும் கூறியே பதவியேற்றார்.

இராசிபுரம், கெங்கவல்லி போன்ற தனித்தொகுதிகளில் முதன்முறையாக மனுத்தாக்கல் செய்ய முனையும் நம் இளைஞர்கள் ஒன்றைக் கருத்தில் கொள்ளவேண்டும். மனுவைக் கொடுத்தால் மட்டும் போதாது. பரிசீலனை நாளுக்கு முன்னரே உறுதிமொழி கூறிக் கையொப்பமிட்டிருத்தல் வேண்டும் என உச்சநீதிமன்றம் 1968-இல் தீர்ப்பளித்துள்ளது. வைப்புத்தொகைக்கும் சாதிச் சான்றிதழுக்கும் அலையும் அவசரத்தில் இதனை மறந்தால், மனு தள்ளுபடியாகும்.

சொல் பிறழ்ந்தால் என்ன ஆகும்? 1989 டிசம்பரில் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் 'அமைச்சர்' என்று படிக்க, தேவிலால் 'துணைப் பிரதமர்' என்றே கூறினார். வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. பதவியின் பெயரைக் கூறும் பகுதி வேறு, கடமையைக் கூறும் பகுதி வேறு. பின்னது பழுதுபடாமையால் பதவியேற்பு செல்லும், ஆயினும் அவர் மற்றவரைப் போல் ஓர் அமைச்சரே என்று நீதிமன்றம் கூறிற்று. அமெரிக்காவிலோ, 2009-இல் ஒரு சொல் இடம் மாறியதற்காக ஒபாமா மறுநாளே மீண்டும் உறுதி கூறினார்.

அவ்வாறாயின் கடமைப் பகுதியில் என்ன இருக்கிறது? 'அரசமைப்பின்பால் உண்மையான நம்பிக்கையும் பற்றும்' என்பது முதலாவது. 1986 இறுதியில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அரசமைப்பின் பதினேழாம் பகுதியை எரித்தமைக்காகப் பேராசிரியர் அன்பழகன் உள்ளிட்ட பத்து உறுப்பினர்கள் பதவியிழந்தனர். பற்றுடையோம் என்று உறுதி கூறியவர்கள் அதனை எரிக்கலாமா என்பதே அன்றைய வாதம். அந்தத் தண்டனை முறையா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு, அது நிற்க. பதினேழாம் பகுதி மொழியைப் பற்றியது. தீண்டாமையை ஒழிப்பதோ பதினேழாம் பிரிவு. எண் ஒன்றே, இடம் வேறு. பகுதியை எரித்தால் உறுதிமொழி முறிந்தது என்றால், பிரிவை நாள்தோறும் காலால் மிதிப்பவரின் உறுதிமொழி மட்டும் முறியாமல் இருப்பது எங்ஙனம்?

இது ஏட்டுக்கேள்வி அன்று. 2020 அக்டோபரில், கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரான நம் சகோதரி கூட்டத்தில் தரையில் அமர்த்தப்பட்ட படம் நாடெங்கும் பரவியது. துணைத்தலைவர்மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவாயிற்று. ஊராட்சிச் செயலாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அன்று நாற்காலியில் அமர்ந்திருந்த உறுப்பினர்களும், பதவியேற்ற நாளில் அரசமைப்பின்பால் பற்றுக் கொண்டிருப்பேன் என்று வாய்விட்டுக் கூறியவர்களே.